குத்து பொய், குதிரை விழுந்தது நிஜம்

ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்னின் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி' (1933) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பார்த்துவிட்டு "இதெல்லாம் ஒரு படமா?" என்று சிரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. துரத்தலுக்குப் பின்னணி இசை இல்லை, குளம்புச் சத்தம்தான். பாடும் கௌபாய் வெய்னுக்குக் குரல் வேறொருவருடையது. ஊர்த் தண்ணீரை வளைத்துப்போட்ட பணக்காரன், அவனை மடக்க வரும் அரசாங்க ஆள், கதை அவ்வளவுதான்.

ஆனால் லோன் ஸ்டார் என்ற படக் கம்பெனியின் பெயரில் 1933 முதல் 1935 வரை வெய்ன் நடித்த 16 படங்களைக் கதைக்காகப் பார்ப்பதே தப்பு என்பேன். சண்டையைப் பாருங்கள்.

அதற்கு முன் குத்தைத் தோளிலோ மார்பிலோ இறக்குவார்கள். ஓங்கிக் குத்தினால் வலிக்கும், அடக்கிக் குத்தினால் திரையில் பல்லிளிக்கும். சில நாளில் படத்தை முடிக்கிற கம்பெனியில் நாயகன் முகம் வீங்கினால் என்ன ஆவது? ஸ்டண்ட் கலைஞர் யாகிமா கனட்டும் வெய்னும் வேறு வழி பிடித்தார்கள். இயக்குநர் பிராட்பரிக்கும் இதில் பங்குண்டு என்பார்கள். அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமரா. முஷ்டி முகத்தைத் தொடாமல் முன்னால் குறுக்கே கடந்துபோகும். கேமராவுக்கு ஆழம் தெரியாது, இடைவெளி மறைந்துவிடும். முஷ்டி போகும் திசையிலேயே, அது தாடைக்கு நேராக வரும் கணத்தில் தலை வெட்டித் திரும்ப வேண்டும். முந்தினால் குனிந்து தப்பியதுபோல் இருக்கும், பிந்தினால் நகைச்சுவைக் காட்சி. கேமரா கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் காற்றில் குத்துவது அப்பட்டமாகத் தெரியும். 'டிஷ்யூம்' பிறகு சேர்ப்பது.

மனிதனுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் குதிரைக்கு யோசிக்கவில்லை. அந்தக் கால வெஸ்டர்ன்களில், அதாவது கௌபாய் படங்களில், 'ரன்னிங் டபிள்யூ' என்றொரு ஏற்பாடு. குதிரையின் முன்னங்கால்களில் கம்பி கட்டி, சேண வாரின் வளையம் வழியே இழுத்து, மறுமுனையை மண்ணில் புதைத்த கட்டையில் பிணைப்பார்கள். பாய்ச்சலில் கம்பி தீர்ந்ததும் கால்கள் வாரிக்கொள்ளும். எங்கே தீரும் என்று சவாரிக்காரருக்குத் தெரியும். அங்கவடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு முன்னால் பாய்வார். குதிரைக்குத் தெரியாது. கால் முறியும், கழுத்து முறியும். பிழைத்த குதிரையும் மறுபடி பாய்ந்து ஓட மிரளும்.

'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' (1939) படப்பிடிப்பில் பாறை உச்சியிலிருந்து தண்ணீருக்குள் விழவைத்த குதிரை செத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், 1940-இல் அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பின் ஆட்கள் படப்பிடிப்புத் தளத்துக்குள் கண்காணிக்க வந்தார்கள்.