மட்டக்களப்புக் கோச்சியை விட்டுவிடக் கூடாது

போன மாதம் மட்டக்களப்பில் இருந்து இரவுக் கோச்சியில், அதுதான் புகையிரதத்தில், கொழும்புக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு. முன் சீற்றில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வந்த ஓர் அம்மா. மடியில் ஒரு சொப்பிங் பை. கிளினிக் கொப்பி, ஸ்கேன் படம், ஒரு போத்தல் சுடுதண்ணீர், எல்லாம் அதற்குள்தான். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மூன்று கிழமைக்கு ஒருதரம் போய் வருகிறாராம். "பஸ்ஸில எண்டா இடுப்பு உழுந்திரும் மனே. இதுக்க கால நீட்டலாம், ஒண்டுக்குப் போறதுக்கும் வழியிருக்கு" என்றார். கோச்சி ஆடும்போதெல்லாம் அந்தப் பையைக் கையால் அணைத்துக்கொண்டார், படம் மடிந்துவிடக் கூடாது என்று.

புகையிரதம் நட்டத்தில் ஓடுகிறது, ஆட்கள் குறைந்த தூரத்துச் சேவைகள் எதற்கு என்று யாராவது பேசினால் எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வருகிறது. நட்டம் உண்மைதான். ஆனால் வீதிக்குக் காபட் போடும்போது இது மாதம் எவ்வளவு உழைக்கும் என்று யாரும் கேட்பதில்லையே. கிட்டத்தட்ட 350 கிலோமீற்றர் தூரத்தை ஏழைச் சனம் கட்டக்கூடிய காசில் கடக்க இருக்கும் வழியிடம் மட்டும் ஏன் இலாபக் கணக்கு?

இந்த நாட்டில் மூடிய பாதைகள் என்னவாயின என்று பாருங்கள். இரத்தினபுரிக்கு 1912 இல் கோச்சி போனது. 1970களில் அந்தப் பக்கத்தை மூடினார்கள், இன்றுவரை அங்கே கோச்சி இல்லை. நானுஓயாவில் இருந்து நுவரெலியா ஊடாக ராகலைக்குப் போன சின்னப் பாதை இருந்த தடமே பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு 1990 இல் நின்ற யாழ்தேவி திரும்பி வர 2014 ஒக்டோபர் ஆனது. இடையில் வடக்கின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. போர்க்காலத்தில் எங்களுடைய பாதையும் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் கொழும்புக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மூடுவது ஒரே நாளில் நடக்காது என்பதுதான் என் பயம். முதலில் பெட்டி குறையும். அப்புறம் ஒருவருக்கும் உதவாத நேரத்துக்கு ஓட விடுவார்கள். சனம் பஸ்ஸுக்கு மாறும். பிறகு, ஆட்கள் ஏறுவதில்லை என்று கணக்குக் காட்டுவது லேசு.

யானைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பில் இருந்து போன கோச்சி மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நேரத்தை மாற்றினார்கள், சரிதான். காட்டுக்குள் மெதுவாகப் போகட்டும், ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பரவாயில்லை. அதைச் சாட்டாக வைத்து இரவுச் சேவையையே எடுத்துவிட வேண்டாம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே கரையோரத்தில் உள்ள கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்களுக்கு எங்களைவிடச் சிரமம். அந்தக் கரையில் ஓர் அடி தண்டவாளம் கிடையாது, அவர்களுக்கும் மட்டக்களப்புதான் ஸ்ரேசன். பொத்துவில் வரை பாதை நீளவேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்கிறோம். இருப்பதை இழந்துவிட்டால் நீட்டுவதைப் பற்றிப் பேச இடமே இல்லை.

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பது இரண்டு. ஏறாவூர், வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை எல்லாம் நின்று பொலன்னறுவைக்குப் போய்த் திரும்பும் ஒரு சின்னப் பகல் சேவை. விடியற்புறம் கோச்சி வந்து சேரும்போது ஸ்ரேசன் வாசலில் கல்முனைப் பக்கம் போக ஒரு பஸ். உங்கள் ஊரில் எந்தக் கோச்சி நிற்காமல் போகிறது, எந்த நேரம் உதவாது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.