சுவரில் தொங்கும் புழு பூச்சைத் தின்பதில்லை

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வெள்ளரி விதைபோல் சுவரில் ஒட்டியிருக்கும் புழு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சை அரித்துத் தின்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படியில்லைங்க. அது ஒரு சின்ன சாம்பல்நிற அந்துப்பூச்சியின் புழு. பழைய சிலந்திவலை, உதிர்ந்த முடி, கம்பளி நூல், செத்த பூச்சிகள்தான் அதன் தீனி. வெள்ளரி விதைபோல் தெரிவது, மணலையும் தூசியையும் பட்டிழையால் ஒட்டி அது செய்த கூடு; சுமார் 1 செ.மீ. நீளம், இரு முனையிலும் திறப்பு. அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு அந்துப்பூச்சியாக வெளிவரும்.

ஒரு கூட்டை வெள்ளைத்தாளில் வைத்து அசையாமல் பாருங்கள்: ஒரு முனையில் தலை நீட்டும், தொட்டால் உள்ளிழுத்துக்கொண்டு, சில சமயம் மறுமுனையில் எட்டிப்பார்க்கும். கூடு இருந்த இடத்தை விரலால் தடவுங்கள், பூச்சு வழவழப்பு மாறியிருக்காது. அருமையான அந்தப் பூச்சின்மேல் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். வளவு (வீட்டு உள்முற்றப் பகுதி) மூலைகளில் வாரம் ஒருமுறை ஒட்டடை அடித்தால் தீனியில்லாமல் குறைந்துவிடும்.