ஃபிலடெல்ஃபியாவுக்கு அழலாம், மந்தைவெளிக்கு அழக்கூடாது

சனிக்கிழமை அடையாறில் ஒரு வீட்டில் கூடிய நம் புத்தக வாசிப்புக் குழுவில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லியாகிவிட்டது. 'இனிமேல் புத்தகத்துக்கு வெளியே அரசியல் பேச வேண்டாம்' என்று வாட்ஸ்அப் குழுவில் திடீர் விதி போட்டிருக்கிறார்கள். யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? என் பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம்.

புத்தகம், கைலி ரீட் எழுதி 2019-ல் வெளிவந்த 'சச் எ ஃபன் ஏஜ்'. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எமிரா என்ற கறுப்பினப் பெண், ராத்திரியில் அந்தக் குழந்தையோடு பணக்கார ஏரியா சூப்பர்மார்க்கெட்டில் நிற்கிறாள். இது யார் குழந்தை என்று செக்யூரிட்டி மடக்குகிறான். அந்தக் காட்சியைப் பேசும்போது குரல் தழுதழுக்காதவர் நம் கூட்டத்தில் இல்லை. ஒருவர் மூக்கையே சிந்தினார். சரி, அழ வேண்டிய இடம்தான்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நம்ம அபார்ட்மென்ட் கேட்ல, வேலை முடிச்சுப் போற அக்காங்க பையைத் திறந்து காட்டச் சொல்றாங்களே, அதுவும் இதேதானே?"

அவ்வளவுதான். ஏசி ஓடிக்கொண்டிருந்த ஹாலில் அனல் கிளம்பிவிட்டது. "இது ரேஸ் பத்தின புக். இதுல ஜாதியை இழுக்காதீங்க." "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் தெரியும்." "அது சும்மா செக்யூரிட்டி ப்ரொசீஜர் மேடம்." ப்ரொசீஜராம். எமிராவை மடக்கினவனும் குழந்தையோட பாதுகாப்புக்காகத்தான் என்றுதான் சொல்கிறான். அதைப் படித்துத்தானே அழுதீர்கள்?

'இங்கே ஜாதியை இழுக்காதே' என்பது நம் குழு கண்டுபிடித்த வசனம் இல்லை. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. ஜாதியையும் பேசுங்கள் என்று தலித் அமைப்புகள் அங்கே போய் நின்றன. இந்திய அரசு அதையே சொல்லித்தான் தடுத்தது: ஜாதி வேறு, இனம் வேறு. ஆனால் அடிபட்டவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒருநாளும் இருந்ததில்லை. மகாராஷ்டிரத்தில் ஜாதியை எதிர்த்த ஜோதிராவ் ஃபூலே 1873-லேயே 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) என்ற தன் புத்தகத்தை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-ல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாய் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தது யாரைப் பார்த்து? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துத்தானே? இவர்களெல்லாம் நம் குழுவில் இருந்திருந்தால் அட்மின் அன்றைக்கே ரிமூவ் பண்ணியிருப்பார்.

இதை இவ்வளவு சூடாக எழுதக் காரணம் இருக்கிறது. சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. என் அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலை செய்துதான் எங்களைப் படிக்க வைத்தது. நல்ல வீடு என்று இப்போதும் சொல்லும். ஒருநாள் அங்கே பூஜை ரூமில் இருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காணோம். யாரும் கத்தவில்லை. திருடி என்று ஒரு சொல் வரவில்லை. "கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா, தெரியாம எங்கயாவது எடுத்து வச்சிருப்பே" என்று அந்த வீட்டம்மா தன்மையாகக் கேட்டாராம். பூஜை ரூம் பக்கமே அம்மா போகக் கூடாது. ஆனால் அங்கே ஒன்று தொலைந்தால் அம்மாதான் யோசிக்க வேண்டும். அம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறிக் காட்டியது. சுருக்குப்பையைக் கவிழ்த்துக் காட்டியது. காட்டு என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிமிழ் கிடைத்ததா என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளத்தோடு நூறு ரூபாய் சேர்ந்து வந்தது. எதற்கு என்றும் சொல்லவில்லை. அம்மா அரிசி வாங்கிவிட்டது.

நாவலில் வரும் எஜமானி அலிக்ஸும் நல்லவள்தான். எமிராவோடு சிநேகமாக இருக்கத் துடிப்பவள். கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் எழுதியது அத்தனையும் நான் படித்திருக்கிறேன் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று தவிப்பவள். அதே சமயம் எமிராவின் போனை நைசாக எட்டிப் பார்ப்பவள். அந்த இடம் வந்தபோது எல்லாரும் சிரித்தீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

இனி, என் மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதில்கள்.

'வீட்டு வேலைக்கு வர்றவங்க எல்லாரும் தலித்தா? இது வர்க்கப் பிரச்சினை.' எல்லாரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமைக்க ஆள் தேடும்போதும் பாத்ரூம் கழுவ ஆள் தேடும்போதும் ஒரே கேள்விகளையா கேட்கிறீர்கள்? 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று டூ-லெட் போர்டு வைக்கும் ஊர் இது. வர்க்கமாம்.

'கூப்பிட்டு உட்கார வைத்த வீட்டிலேயே அவமானப்படுத்திவிட்டாய்.' இதுதான் அதிகம் வருகிறது, இதுதான் எனக்கு வலிக்கவும் செய்கிறது. அந்த வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஜ்ஜி சாப்பிட்டேன், உண்மை. பஜ்ஜி தின்றால் வாயை மூட வேண்டும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த பஜ்ஜியைச் சுட்ட அக்கா, நாம் 'ப்ரிவிலேஜ்' என்று முழங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு தரம் வந்து தட்டு எடுத்துப் போனார். அவர் பெயரைக் கூட நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெரும்பாக்கம் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம் மட்டும் முகத்தில் தெரிந்தது. நகரத்துக்குள் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டதும் நாம்தான், காலையில் ஏழு மணிக்கு அடையாறில் நிற்கவில்லை என்றால் முகத்தைச் சுளிப்பதும் நாம்தான்.

இன்னொன்றும் யாரும் பேசவில்லை. எமிராவின் பெரிய கவலையே சூப்பர்மார்க்கெட்டில் எடுத்த அந்த வீடியோவோ செக்யூரிட்டியோ இல்லை. 26 வயதானால் அப்பா அம்மாவின் மருத்துவ இன்ஷூரன்ஸிலிருந்து பெயர் போய்விடும், இந்த வேலையில் அது கிடையாது. அவளுக்கு வேண்டியது அலிக்ஸின் நட்பு இல்லை, இன்ஷூரன்ஸ். இரண்டு மணி நேரம் பேசினோம், இது வரவே இல்லை. வந்திருந்தால் அடுத்தது நம் வீட்டுக் கணக்கு வந்திருக்கும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தத்துக்கு 2011-ல் இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஏற்றுக் கையெழுத்துப் போடவில்லை. தமிழ்நாட்டில் 2007-லிருந்தே இவர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. உங்கள் வீட்டு அக்கா அதில் பதிந்திருக்கிறாரா? கேட்டிருக்கிறீர்களா?

'உன் வீட்டுல மட்டும் ஆள் இல்லையா?' என்று இன்பாக்ஸில் வந்து கேட்டவருக்கு: இருக்கிறார். என்ன சம்பளம், வார விடுமுறை உண்டா, தீபாவளிக்கு என்ன கொடுத்தேன், எல்லாம் கூட்டத்திலேயே சொல்கிறேன். நீங்களும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் முதலில் அதைப் பேசுவோம், புத்தகத்தை அப்புறம் எடுக்கலாம்.