முதல் மான் வேட்டை: சுட்ட பிறகுதான் வேலை

நண்பரை முதல் மான் வேட்டைக்குக் கூட்டிப் போவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் உரிமம், துப்பாக்கி, காற்றுத் திசை எல்லாம் சரியாக வந்திருக்கிறது. சுட்ட பிறகு என்ன என்பது மட்டும் இல்லை. புதியவர் சொதப்புவது அங்கேதான்.

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. நுரையீரலில் பட்டாலும் 100 மீட்டர் ஓடலாம். தவறிவிட்டது என்று பதறித் துரத்த விடாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மான் மறைந்த இடத்தை ஒரு மரத்தை வைத்து அடையாளம் பிடித்து, அரை மணி நேரம் உட்காருங்கள். (இதுதான் மிகக் கடினம்!) பிறகு ரத்தத்தைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல்; கிட்டத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், 3-4 மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சைக் கசடும் நாற்றமும் என்றால் குடல், 6-8 மணி நேரம். அவசரப்பட்டால் படுத்த மான் எழுந்து ஓடி, கடைசியில் கிடைக்காமலே போகும்.

விழுந்ததை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது. வயிற்றைத் திறக்கும்போது கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கட்டும். இரைப்பை கிழிந்தால் கறி கெடும்.