சந்தையின் சுவரும் கண்காட்சியின் சுவரும்

சமகாலக் கலைச் சந்தைகளுக்கு ஓவியர்கள் போகலாமா, போனால் மனம் சோர்ந்து திரும்ப வேண்டியிருக்குமா என்று இளம் ஓவியர்கள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டார்கள். பெரிய சந்தைகளுக்கும், சிறு கூடங்களில் நடக்கும் உள்ளூர்க் கண்காட்சிகளுக்கும் பல ஆண்டுகளாக விடாமல் போய்வருகிறவன் என்ற முறையில், அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதன்முறை ஒரு சந்தைக்குப் போனபோது என் ஓவியங்களின் புகைப்படங்களை ஓர் உறையில் எடுத்துச் சென்றிருந்தேன். ஓர் அரங்கில் இருந்தவர் உறையைப் பிரிக்கவே விடாமல், இது அதற்கான இடமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த அவமானம் வெகுநாள் உறுத்தியது. சந்தை இயங்கும் முறையை அறிந்துகொண்ட பிறகுதான் அது அடங்கியது. ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் நிறுவனங்களான கேலரிகள் அங்கே சதுர மீட்டர் கணக்கில் வாடகை கொடுத்துத்தான் இடம் பிடிக்கின்றன. ஓவியங்களைக் கொண்டுவரும் செலவு, காப்பீடு, விளக்கு, ஆட்கள் என அத்தனையும் அந்தச் சில நாள் விற்பனையில் ஈடாக வேண்டும். அவர் காத்திருந்தது வாங்குபவருக்காக. என் உறைக்கு அங்கே நேரம் கிடையாது.

தொடக்கமே அப்படித்தான். 1967-இல் கொலோன் நகரில் 18 ஜெர்மானிய கேலரிகள் கூடி நடத்திய கலைச் சந்தையிலிருந்துதான் இன்றைய வடிவம் பிறந்தது. 1970-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கிய சந்தையை உருவாக்கியவர்களும் அவ்வூர் கேலரிக்காரர்களே. இதற்கு நேர்மாறாக, 1874-இல் பாரிசில் மோனே, தெகா, பிசாரோ முதலிய சுமார் முப்பது பேர் நடத்திய கண்காட்சி, சலோன் எனப்பட்ட அதிகாரபூர்வ அரசுக் கண்காட்சியின் தேர்வுக் குழுவை நம்பியிருக்க விரும்பாத ஓவியர்கள் தாங்களே கூடி, நாதார் என்ற புகைப்படக் கலைஞரின் பழைய ஸ்டூடியோவில் அமைத்தது. நியூயார்க்கின் 1913 ஆர்மரி கண்காட்சியும் ஓவியர் சங்கம் ஒன்றின் முயற்சிதான். அதன் பெயரை 1999-இல் சூடிக்கொண்ட இன்றைய ஆர்மரி ஷோவோ முழுக்க கேலரிகளின் சந்தை. பெயர் ஒன்றானாலும் மரபு வேறு. இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால், சந்தையில் நம்மை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற ஏக்கம் பாதி குறைந்துவிடும்.

ஆனாலும் போகத்தான் வேண்டும் என்பேன், ஏனென்றால் படைப்பின் உண்மையான மேற்பரப்பு அங்கேதான் நமக்குக் கிடைக்கிறது. திரையில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தை ஒரு சந்தையில் நேரில் கண்டேன். ஒரே சிவப்பு என்று நான் நம்பியிருந்த பரப்பின் அடியில் மங்கிய பச்சை ஒன்று ஓடியது. அதன் மேல் மெல்லிய சிவப்பைப் படலம் படலமாக ஏற்றியிருந்ததால்தான் அந்த நிறத்துக்கு அவ்வளவு ஆழம் வந்திருந்தது. புகைப்படத்தில் அந்தப் பச்சை அறவே தெரியாது. அன்றுமுதல் எந்த ஓவியத்தையும் முதலில் பக்கவாட்டில் நின்று, ஒளி சரிந்து விழும் கோணத்தில் பார்க்கிறேன். பிறகு கேன்வாஸின் விளிம்பைப் பார்க்கிறேன். முதற்பூச்சு வழிந்து காய்ந்த தடம், ஓவியர் மனம் மாறி மூடிவிட்ட நிறம் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் எஞ்சியிருக்கும். எல்லா அரங்கையும் பார்க்க முயன்றால் இரண்டு மணி நேரத்தில் கண் மரத்துப்போகும். ஆகவே ஒருமுறை வேகமாகச் சுற்றிவந்து, ஐந்தாறு படைப்புகளை மட்டும் தேர்ந்துகொண்டு அவற்றிடம் திரும்பிப் போவது என் வழக்கம்.

உள்ளூர்க் கண்காட்சியில் கிடைப்பது வேறு. ஒரு சிறு கூடத்தில், வயதில் மூத்த அச்சோவியர் ஒருவர் உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் தம் எட்சிங் அச்சுகளுக்குப் பக்கத்தில் துத்தநாகத் தகட்டையும், சரியாக வராத நான்கு சோதனை அச்சுகளையும் மேசைமேல் வைத்திருந்தார். மூன்றாவதில் வானம் முழுதும் கருத்துக் கிடந்தது. தகடு அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்துவிட்டதென்றும், அந்தக் கருமையைச் சுரண்டித் தேய்த்து மீட்டபோதுதான் இறுதி அச்சிலுள்ள மேகம் பிறந்ததென்றும் சொன்னார். தகட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் அந்த மேசையை விட்டு நான் நகரவில்லை. அந்த மேசைக்குச் சந்தையின் வாடகைக் கணக்கில் இடமே இருந்திருக்காது.

என்னை வருத்துவது, அத்தகைய கூடங்களே இப்போது சந்தையைப் போல மாறிவருவதுதான். நான் பங்கேற்ற ஒரு குழுக் கண்காட்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு எனச் சுவரைப் பங்கிட்டார்கள். எல்லாரும் தத்தம் பங்கில் இயன்றவரை ஓவியங்களை நெருக்கினோம், நானும்தான். தொடக்கவிழா முடிந்ததும் ஓவியர்கள் கலைந்துவிட்டதால், மறுநாள் வந்தவர்கள் கேட்பதற்கு ஆளில்லாமல் திரும்பினார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புகழ்பெற்ற ஓவியங்களின் முன்கூட மக்கள் நின்றது சராசரியாக 27 விநாடிதான் என்று கண்டிருக்கிறார்கள். பெயர் அறியாத நம் ஓவியங்களின் முன் ஒருவர் அதைவிட நெடுநேரம் நிற்க வேண்டுமானால், நிற்பதற்கான காரணத்தை நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். விற்பனையை நான் குறை சொல்லவில்லை. விற்றால்தான் அடுத்த கேன்வாஸ் வாங்க முடியும். ஆனால் நெருக்கடியான சுவர் விற்பனையையும் கூட்டித் தரவில்லை என்பது என் அனுபவம்.

அடுத்த குழுக் கண்காட்சிக்கான பேச்சு தொடங்கியிருக்கிறது. என் பங்குச் சுவரில் மூன்று ஓவியங்கள் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன். மிச்ச இடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு, பாதியில் கைவிட்ட கேன்வாஸ்களையும் கோட்டுச் சித்திரங்களையும் பரப்பிவைத்து, நடக்கும் நாளெல்லாம் அங்கேயே இருக்கப்போகிறேன்.