எட்டு அத்தியாயம் விளையாடாமல் அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது?

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை நேற்று இரவே அழித்துவிட்டேன். இது மூன்றாவது முறை எழுதுவது.

செவ்வாய்க்கிழமை பதிவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அந்தக் கமெண்டை நீக்கிவிட்டேன். பழைய கொலை விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். ஹிட்டன் ஆப்ஜெக்ட் வகை, அதாவது சாமான்கள் குவிந்த படத்தில் பட்டியலில் உள்ள பொருள்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. ஒரு பங்களா, ஒரு பிணம், ஆறு சந்தேக நபர்கள், எட்டு அத்தியாயம். "இன்னும் கடைசி வரை போகவில்லை" என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தேன். நண்பர் வந்தார். ஒரே ஒரு பெயரை எழுதினார், கொலையாளியின் பெயரை. பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில் இது: "விளக்குமாறையும் குடையையும் தேடுற கேமுக்கு ஸ்பாய்லர் ஒரு கேடா?"

அதற்கு 43 பேர் சிரித்திருக்கிறார்கள். எண்ணினேன். இந்த வகை விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு எண்ணுவது பழக்கம்.

சரி. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். விளக்குமாறு தேடுகிற அற்ப விளையாட்டு, கதையே கிடையாது, வேலையற்றவர்கள் ஆடுவது என்றால், எட்டு அத்தியாயம் ஆடாமல் அந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முதல் அத்தியாயத்தில் அந்த ஆள் கதவைத் திறந்துவிட்டுப் போவதோடு சரி. எட்டு வரை போனால்தான் தெரியும். அப்படியென்றால் விளக்குமாறையும் குடையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர்தானே நீங்களும்? இல்லை, யாரோ ஆடியதை வீடியோவில் பார்த்தேன் என்கிறீர்களா? அது இன்னும் மோசம். குடையைக்கூடத் தேடாமல் கொலையாளியைத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கணினி விளையாட்டின் வரலாறு தெரிந்தவர் என்று நண்பருக்குப் பெயர் உண்டு. அவருக்குத் தெரிந்த வரலாற்றிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் அவர் கணவர் கென்னும் ஆப்பிள் 2 கணினிக்காக 'மிஸ்டரி ஹவுஸ்' செய்தார்கள். அதுவரை அட்வெஞ்சர் விளையாட்டு என்றால் திரையில் வெறும் எழுத்துதான், முதன்முதலில் படத்தோடு வந்தது இதில். பள்ளிப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியதுபோலக் கோடுகள். என்ன கதை தெரியுமா? பழைய மாளிகை, உள்ளே ஏழு பேர், ஒவ்வொருவராகச் சாகிறார்கள், எங்கேயோ நகைகள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் இன்று பெருமையாகப் பேசுகிற பட விளையாட்டுகளின் பாட்டி, கொலை நடந்த வீட்டில் பொருள் தேடியவள்தான்.

அதற்கு 25 வருடம் கழித்து, 2005இல், பிக் ஃபிஷ் என்ற நிறுவனம் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' என்ற ஹிட்டன் ஆப்ஜெக்ட் வரிசையைத் தொடங்கியது. அடுத்த வருடமே அதே வரிசையில் 'ரேவன்ஹர்ஸ்ட்'. ஆரம்பத்தில் கடிகாரம் ஓடும், பட்டியல் முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு கடிகாரத்தை எடுத்துவிட்டு, பொருள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு பொத்தான் நிரம்பும்வரை காத்திருக்க வைத்தார்கள். 2007இல் அகதா கிறிஸ்டியின் நைல் நதிக் கொலையே இந்த வகைக்கு வந்தது. நாம்தான் கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோ, கப்பலில் அறை அறையாகப் போய்ப் பெட்டியைக் கிளற வேண்டும். பொய்ரோவுக்கே ஆகிவந்த விளையாட்டு நமக்கு அற்பமாகிவிட்டது.

2012ஐ நினைவுபடுத்தினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். 'கிரிமினல் கேஸ்' என்ற ஹிட்டன் ஆப்ஜெக்ட் விளையாட்டு இதே முகநூலில்தான் வந்தது. எனர்ஜி தீர்ந்தால் ஆட முடியாது, நண்பர்கள் அனுப்ப வேண்டும். அன்று எனர்ஜி அனுப்பு, எனர்ஜி அனுப்பு என்று என்னை நச்சரித்தவர்களில் நாலு பேர் இந்த 43க்குள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லிவிடும் வழக்கம் எனக்கு இல்லை.

விளக்குமாறு, குடை என்று ஏளனம் செய்வதற்கு முன் அந்தத் திரையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் பழமொழிதான் சொல்கிறோம், அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வரைந்த படம் அது. நாற்காலியின் கால் நாற்காலியின் கால் அல்ல, புல்லாங்குழல். திரைச்சீலையின் மடிப்பில் ஒரு மீன்கத்தி, சீலையின் நிறத்திலேயே. சுவரில் விழுந்த நிழல் மாதிரி தெரிவது ஒரு வயலின். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. 'இவ்வளவு நேரம் இங்கேயேதானா இருந்தாய்' என்று ஒரு நொடி உள்ளே திடுக்கென்று ஆகும். அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆடுகிறோம். அது துப்பறிவது இல்லையென்றால் வேறு எது?

அப்புறம் அந்தப் பட்டியல். இங்கிலீஷில் 'பேட்' என்று இருக்கும். மட்டையா, வௌவாலா? 'நெயில்' ஆணியா, நகமா? 'கிரேன்' என்று போட்டிருந்ததற்குப் பளுதூக்கியைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது, கடைசியில் பூஜாடியில் வரைந்திருந்த கொக்கு. தமிழில் இப்படி ஒரு விளையாட்டை யாராவது செய்தால் 'படி' என்று ஒன்று வைக்க வேண்டும். மாடிப்படியா அளக்கிற படியா என்று ஜனம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். 'மறைபொருள்' என்றே இந்த வகைக்குப் பெயரும் வைத்துவிடலாம், அந்தச் சொல்லுக்கும் இரண்டு அர்த்தம்.

இப்போது வரப்போகும் மறுப்புகள். எனக்குத் தெரியும், வரும்.

"கொலை நடந்த அறையில் எதற்கு ஹேர்டிரையர், மூன்று ஆமை, ஒரு சதுரங்கக் குதிரை?" நியாயமான கேள்வி. முழுசாக ஒத்துக்கொள்கிறேன். போலீஸ் முத்திரை வைத்த அறைக்குள் ஆமை எப்படி வந்தது என்று எந்தத் துப்பறிவாளரும் கேட்பதில்லை. பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் சாவி இருக்காது. பறவையின் கண்ணில் பதிக்கும் ரத்தினக்கல் தேவைப்படும், அந்தக் கல் கிணற்றில் இருக்கும், கிணற்று வாளிக்குக் கயிறு இருக்காது. இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு நீங்கள் வர வேண்டியதில்லை. ஆடுகிற நாங்களே உங்களைவிட அதிகம் சிரித்திருக்கிறோம். கையுறை கையில் இருந்தும் போட்டுக்கொள்ளாமல் முள்செடியை எடுக்கக் குறடு தேடிய கதையெல்லாம் எங்களிடம் உண்டு.

"பணம் பிடுங்குகிற விளையாட்டு." சிலது அப்படித்தான். பிரேதப் பரிசோதனை முடிவுக்கு மணிக்கணக்கில் காக்க வைத்து, அவசரமென்றால் காசு கொடு என்பார்கள். நான் சொன்னது அது இல்லை. ஒருமுறை வாங்கினால் முடிந்தது, எனர்ஜியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"ரொம்பப் பழைய விளையாட்டு, எல்லோருக்கும் முடிவு தெரியும்." எனக்குத் தெரியாதே. முதல் வரியில் எழுதியிருந்தேனே.

"உண்மையாகத் துப்பறிய வேண்டுமானால் ஓப்ரா டின் ஆடு." இது நண்பரின் மூன்றாவது கமெண்ட். அறிவுரை இலவசம். ஐயா, 2018இல் வந்ததுமே ஆடினேன். ஆளில்லாமல் திரும்பி வரும் கப்பல், 60 பேரின் பெயரும் கதியும் கண்டுபிடிக்க வேண்டும், மும்மூன்றாகச் சரியானால்தான் ஏற்றுக்கொள்ளும். லூகாஸ் போப் ஏறக்குறைய தனியாளாகச் செய்தது. அபாரம், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்? அசையாத ஒரு காட்சிக்குள் நின்றுகொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று அணு அணுவாகத் தேடினீர்கள். கறுப்பு வெள்ளையில் தேடினால் அறிவு, கலரில் தேடினால் விளக்குமாறா? அதில் எந்த மூலையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். இன்னும் ஆடாதவர்கள் இதைப் படிக்கலாம் அல்லவா. இதற்குப் பெயர்தான் நாகரிகம். விளக்குமாறு தேடுகிறவர்களிடமும் அது இருக்கிறது.

"ஒரு கேமுக்கா இவ்வளவு நீளப் பதிவு?" இந்த மறுப்பு வரும் என்று தெரிந்ததால்தான் முதல் இரண்டு வடிவங்களையும் அழித்தேன். சரி, சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை பதிவில் இதை எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அந்த விளையாட்டை வாங்கியது அப்பாவுக்காக. அவருக்கு மூளையின் வலது பக்கம் பக்கவாதம் வந்த பிறகு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை. கவனம்தான் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். செய்தித்தாளில் ஒவ்வொரு வரியின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, "என்ன எழுதுறானுங்க, தலையும் இல்ல வாலும் இல்ல" என்று திட்டுவார். சவரம் செய்தால் இடது கன்னம் அப்படியே இருக்கும். "அப்பா, இடது பக்கம் பாருங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று கணக்கே இல்லை. சொல்லச் சொல்ல அவருக்கு எரிச்சல். எனக்கும்தான்.

திரையில் வேறு மாதிரி இருந்தது. அவர் விரலால் காட்டுவார், நான் கிளிக் செய்வேன். வலது பாதியில் எதுவும் அவரிடம் தப்பாது. நான் பத்து நிமிடம் முழிக்கிற சாவியை "இதோ" என்று கதவின் கீலில் காட்டிவிடுவார். இடது பாதியில் மட்டும் பட்டியல் அப்படியே நிற்கும். "இல்லாத பொருளைப் போட்டு ஏமாத்துறான்" என்பார். நான் குறிப்பு பொத்தானை அழுத்துவேன். இடது ஓரத்தில் மின்மினி மாதிரி நட்சத்திரங்கள் சுற்றும். மெதுவாகத் தலையைத் திருப்பி, "ஏய், இது இப்பத்தானே வந்துச்சு!" என்பார். அது முதலிலிருந்தே அங்கே இருந்தது என்று நான் சொன்னதில்லை.

விளையாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று எழுதவில்லை. அப்படிப் படித்துக்கொண்டு யாரும் உள்பெட்டியில் வர வேண்டாம். குணப்படுத்தவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நான் அவரிடம் "இடது பக்கம்" என்று சொல்லாமல் இருந்தேன். திட்டு வாங்காமலும் இருந்தேன். குறிப்பு பொத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

யார் கொலையாளி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிவு கட்டிவிட்டார். "அந்த அம்மா கையில மோதிரம் இல்ல பாரு, முன்னாடி இருந்துச்சு." நான் வேறொருவர் மேல் சந்தேகப்பட்டேன். இதை வைத்து இரண்டு பேரும் பேசிக்கொண்டது கொஞ்ச நஞ்சமில்லை. பேச்சே நின்றுபோயிருந்த வீட்டில்.

ஏழாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. விளையாட்டைத் திறந்தால் இன்னும் அவர் பெயரைச் சொல்லித்தான் துப்பறிவாளரே என்று வரவேற்கிறது. இனிஷியலோடு, அவரே ஒற்றை விரலால் தட்டிய பெயர். நான் அதைத் தாண்டிப் போகவில்லை. எட்டாவதை ஆடினால் அவர் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தெரிய வேண்டாம் என்று இல்லை. என்றைக்குத் தெரிந்துகொள்வது என்பதை நான் முடிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் நண்பர் ஒரு சிரிப்புப் பொம்மையோடு முடித்துவைத்தார்.

அவர் எழுதிய பெயர் அப்பா சொன்ன பெயர் இல்லை. நான் சந்தேகப்பட்ட பெயரும் இல்லை.

இது அவருக்குத் தெரியாதே, வேண்டுமென்றா செய்தார் என்பீர்கள். தெரியாதுதான். எதிரில் இருப்பவருக்கு எது எப்படி என்று தெரியாது என்பதால்தானே முடிவைச் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கத்தையே வைத்திருக்கிறோம்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "முடிவு தெரியும், சொல்லட்டுமா?" ஐந்து நொடி ஆகியிருக்காது. அதற்கும் நேரமில்லாதவருக்கு எட்டு அத்தியாயம் ஆட நேரம் இருந்திருக்கிறது.

நண்பரை பிளாக் செய்யவில்லை. இதைப் படிக்கட்டும். கீழே மன்னிப்பு கேட்கத் தேவையில்லை. "ஸாரி, தெரியாது" என்று எழுதி அதன் பக்கத்திலும் ஒரு பொம்மை போடுவார், எனக்குத் தெரியும். சிரித்த 43 பேரும் பொறுமையாக ஒவ்வொருவராகச் சிரிப்பை எடுக்க வேண்டாம், நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறது.

ஏழாம் அத்தியாயத்தில் நூலக அறை. பட்டியலில் ஒரே ஒரு பொருள் பாக்கி, மணற்கடிகாரம். இடது பக்கம் புத்தக அலமாரியின் இரண்டாவது தட்டில், மெழுகுவர்த்திக்குப் பின்னால் இருக்கிறது. அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன். அவர் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லாமல் இருந்தேன்.