போத்தலுக்குள் விஸ்கி முதிர்வதில்லை

"போத்தலில் அடைத்த விஸ்கி வருடம் போகப் போக முதிரும். மனதையும் அப்படி மூடி வை, ஞானம் கனியும்" என்று ஒரு செய்தி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பிழை.

விஸ்கி முதிர்வது மரப் பீப்பாவில்தான். வடித்தெடுக்கும்போது அது தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். ஸ்கொட்லாந்து விஸ்கி என்றால், சட்டப்படி ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் கிடக்கவேண்டும். வெப்பம் ஏறி இறங்க, அது மரத்துக்குள் ஊறி ஊறி வெளியே வரும். வாசத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது. மரத்தின் வழியே வருடத்துக்குச் சுமார் 2 வீதம் ஆவியாகியும் போகும். அந்த இழப்பைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள், எவ்வளவு அழகான பெயர்! போத்தலில் அடைத்ததும் முதிர்ச்சி நின்றுவிடும். 12 வருட விஸ்கியை இன்னும் 20 வருடம் அலுமாரியில் வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான்.

பிள்ளையை இழந்து வீட்டுக்குள் முடங்கியிருக்கும் ஓர் அம்மாவுக்கு இந்தச் செய்தி போயிருந்ததைப் பார்த்தேன். மனம் பொறுக்கவில்லை. பாடம் வேண்டுமென்றால் பீப்பாவிடம் கேட்கலாம்: அது காற்றை மறிப்பதில்லை, கொஞ்சம் இழக்கவும் செய்கிறது. அந்தச் செய்தியை யாருக்காவது அனுப்பியிருந்தால், இதையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் நேரில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.